இணைப்பு எண் 7: குழந்தை (ஒன்று)

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு முதலில் வேண்டியது பொறுமை. இதை உலகத்தில் யாரும் மறுப்பதில்லை. கடல்கடந்த தத்தெடுப்புத் துறை ஒரு படி மேலே போய், விண்ணப்பதாரர்களுக்கு அந்தப் பொறுமையைத் தன் செலவிலேயே ஊட்டி வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு நீளமான தாழ்வாரம், சுவரோரம் இரும்பு நாற்காலிகள், சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி. அங்கே நாலைந்து வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு, பிறகு குழந்தை நாள் முழுக்க வீறிட்டு அழுதாலும் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது என்று அதிகாரிகள் மனமார நம்பினார்கள்.

ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலி நம் போர்டுக்காரருடையது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். கைரேகை எடுக்கிற இடத்தில் இது பலமுறை ஆட்சேபத்துக்கு உள்ளாகியிருக்கிறது. அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினாறு வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, கையில் அடையாளச் சீட்டுக் கட்டி உரியவர்களிடம் ஒப்படைத்து வருகிறவள். தனக்கென்று ஒன்றைச் சுற்ற அவளுக்கு வாய்க்கவில்லை.

இருவரும் பேசி முடிவெடுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகத்தில் தாய் தகப்பன் இல்லாமல் இருந்த பெண் குழந்தையைத் தத்தெடுக்க எழுதிப்போட்டார்கள். குழந்தைக்கு அப்போது பதினான்கு மாதம். வந்த படத்தில் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிப் படமெடுத்தவரை ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா பார்த்த மாத்திரத்தில், "இவதாங்க," என்று சொல்லிவிட்டாள். வீட்டைப் பொறுத்தவரை விஷயம் அத்துடன் முடிந்தது. அலுவலகத்தைப் பொறுத்தவரை அப்போதுதான் தொடங்கியது.

அந்தக் கோப்பைத் திறந்தவர் அங்கிருந்த எழுத்தர். யார் எதைக் கொண்டு நீட்டினாலும் முகத்தைப் பார்க்காமல் "இணைப்பு எங்கே?" என்று கேட்பார். அதனால் தாழ்வாரத்தில் அவருக்கு 'இணைப்பு எங்கே' என்றே பெயர். கோப்பின் முதல் பக்கத்தில் அவர் பட்டியல் போட்டார். திருமணச் சான்று, மருத்துவச் சான்று, நன்னடத்தைச் சான்று என்று ஆறு தாள்கள். குழந்தையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று விதியில் இல்லை. தலைப்பு இல்லாத எதுவும் இணைப்புதான் என்பது அவருடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஆகவே ஏழாவதாக 'குழந்தை (ஒன்று)' என்று தட்டச்சு செய்து, சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. மருத்துவச் சான்று ஆறு மாதம் செல்லும், நன்னடத்தைச் சான்று மூன்று மாதம் செல்லும். ஒன்று உயிரோடு வந்து சேரும்போது மற்றொன்று செத்திருக்கும். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே நாளில் ஆரோக்கியமாகவும் யோக்கியமாகவும் இருப்பது அந்த அலுவலகத்தில் கடைசிவரை நிரூபணமாகவில்லை.

காப்பகத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை குழந்தையின் உயரமும் எடையும் எழுதி, கூடவே ஒரு படமும் வரும். நர்ஸம்மா அந்த உயரத்தை அளந்து சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவாள். மூன்று கோடுகள் ஆகியிருந்தபோது வீட்டைப் பார்வையிட ஓர் ஆய்வாளர் வந்தார். குழாயைத் திறந்து பார்த்தார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார், கதவருகே வந்து நின்றுவிட்டார்.

"இது என்னம்மா கோடு?"

"எங்க பொண்ணு உயரம் சார்."

"எந்தப் பொண்ணு?"

"நீங்க கொடுக்கப்போற பொண்ணுதான்."

"வீட்ல குழந்தை இல்லைன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. இங்க ஒண்ணு வருஷா வருஷம் வளர்ந்துட்டிருக்கே!" ஆய்வாளர் வருத்தத்தோடு தலையாட்டினார். "ஒண்ணு, கோட்டை அழிங்க. இல்லைன்னா விண்ணப்பத்தைத் திருத்துங்க. திருத்தினா மறுபடி முதல்லேருந்து வரணும்."

அழித்தார்கள். அன்று நர்ஸம்மா சாப்பிடவில்லை. "மனசுல இருக்குல்ல, அது போதாதா?" என்று போர்டுக்காரர் தேற்றினார். "மனசுல இருந்தா சட்டை அளவு தெரியுமா?" என்றாள் அவள்.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்தில் ஒரு புள்ளிவிவரம் கவனத்துக்கு வந்தது. விண்ணப்பதாரர்களில் பாதிப்பேர் அலுவலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏன் என்று யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்தாமல், 'விண்ணப்பதாரர்களிடையே நம்பிக்கைச் சரிவு' என்று துறை தானாகவே கண்டுபிடித்தது. எங்கே எது சரிந்தாலும் அதற்கு ஒரு சான்று கேட்பது முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் 'நம்பிக்கை நீடிப்புச் சான்று' தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் கோப்பு உறக்கநிலையில் வைக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது.

சும்மா சான்று கேட்டால் நன்றாக இருக்காது என்று முதலில் ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த வருஷம் எல்லா அலுவலகங்களிலும் பயிற்சி கொடுப்பதுதான் நாகரிகம். கன்னத்தோரம் மைக் மாட்டிய ஒரு பயிற்சியாளர் மேடையில் குதித்து ஏறினார்.

"காத்திருப்பது சுமையா, சுகமா?"

"சுமைதாங்க," என்றார் முன்வரிசையில் இருந்த லாரி டிரைவர். அவரும் மனைவியும் ஆறு வருஷமாகக் காத்திருப்பவர்கள். அவரை மட்டும் எழுப்பித் தனியாக ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு "சுகம்! சுகம்!" என்று கத்தினார்கள். பிறகு ஆளுக்கொரு பலூன் கொடுத்து, மனதிலுள்ள ஏமாற்றத்தையெல்லாம் அதில் ஊதச் சொன்னார்கள். நர்ஸம்மா ஊதிய பலூன் முதல் மூச்சிலேயே வெடித்துவிட்டது. இது அவளுடைய கோப்பில் குறிக்கப்பட்டது.

மறுநாளே போர்டுக்காரர் சான்றுக்காகப் போய் நின்றார்.

"இணைப்பு எங்கே?" என்றார் எழுத்தர்.

"நம்பிக்கைக்கு என்ன சார் இணைப்பு?"

"அதிகாரி கையெழுத்து. இதோ பாருங்க: 'இவ்விண்ணப்பம் நிறைவேறும் என்பதை நான் நேரில் அறிந்தும் மனப்பூர்வமாக நம்பியும் சான்றளிக்கிறேன்.' இதுக்குக் கீழ ஒரு அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"நீங்களே போட்டுடலாமே சார்?"

எழுத்தர் மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "நானா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குய்யா. பொய்ச் சான்று கொடுத்தா பென்ஷன் போயிடும்."

கட்டடத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். போர்டுக்காரர் ஓர் அறை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் டீ கூட வாங்கிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் கல்லில் நார் உரிக்கிற காரியமாக இருந்தது. கடைசியில் இயக்குநர் அறைக்கே போய்விட்டார்.

"நான் கை சுத்தமான ஆளு," என்றார் இயக்குநர். "முப்பது வருஷ சர்வீஸ்ல பொய் எழுதினதில்ல."

"அப்ப எங்க ஃபைல் முடியாதா சார்?"

"முடியாதுன்னு நான் சொல்லலையே. முடியும்னு சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்."

"முடியும் சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போர்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்தார். மூன்றாவது வருஷத்துப் படம், விளிம்பெல்லாம் நைந்திருந்தது. "அவ வருவா சார். எனக்குத் தெரியும்," என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கட்டடத்தில் அப்படிச் சொன்ன முதல் மனிதர் இவர்தான். உள்ளே நம்பிக்கை உள்ள அதிகாரி ஒருவரும் இல்லை, வெளியே நம்பிக்கையுள்ள ஓர் ஆள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நிர்வாகத்தில் இப்படி வளம் வீணாகலாமா? சான்றளிப்பவர் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறதே தவிர, சம்பளம் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அன்று மாலைக்குள் போர்டுக்காரர் 'கௌரவ நம்பிக்கை அலுவலர்' ஆகிவிட்டார். ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு மை டப்பா. பலகையை அவரே நீலத்தில் எழுதி மாட்டிக்கொண்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரியே பக்தராகவும் இருந்ததில் ஒரு சிக்கல் வந்தது. தன் கோப்புக்குத் தானே சான்றளிக்கக் கூடாது. ஊரில் எல்லாருடைய கோப்பும் விழித்துக்கொண்டது. போர்டுக்காரருடையது மட்டும் உறங்கப் போனது.

ஆரம்பத்தில் அது அவரை அரித்தது. ஆனால் மேசை முன்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்கு அவர் தேவைப்பட்டார். ஐந்து வருஷம் காத்திருந்து அழுதுகொண்டு வருகிற ஒருத்தியிடம், "வரும்மா, வரும். நான் சொல்றேன்ல," என்று சொல்லி முத்திரை குத்தினால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து போவாள். இது பொய்யல்ல, அவர் நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் எதற்கோ பிறந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. வாரத்தில் இரண்டு நாள் போனவர் ஐந்து நாள் போனார். கடைப் பலகைகள் பாதி எழுத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தன. பேச்சில் 'அந்த ஆபீஸ்' மெல்ல 'நம்ம ஆபீஸ்' ஆனது. ஒருநாள் நர்ஸம்மா, "சாப்பிட வர்றீங்களா?" என்று கூப்பிட்டதற்கு, "ஆவன செய்யலாம்," என்று பதில் வந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் வரும் வரும்னு எழுதிக் கொடுக்கறீங்களே, நமக்கு எப்ப வரும்?"

"நம்ம ஃபைல் உறக்கநிலையில இருக்கும்மா."

"எழுப்பக் கூடாதா?"

"முறைப்படி தூங்குது. முறைப்படி தூங்கறதை எழுப்ப விதியில்ல."

"எங்க இருக்கு உங்க விதி? கொடுங்க பார்ப்போம்."

நானூறு பக்க விதிநூலைப் போர்டுக்காரர் பெருமையோடு வீட்டில் வைத்திருந்தார். படித்ததில்லை. அலுவலகத்திலும் யாரும் படித்ததில்லை. நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் நோயாளிச் சீட்டைப் படிக்கிற மாதிரி ஒரு வரி விடாமல் படித்தாள். பத்தாம் நாள் கணவர் முன்னால் புத்தகத்தை விரித்து வைத்தாள்.

விதி நாற்பத்தொன்று. விண்ணப்பதாரர் நம்பிக்கை இழந்துவிட்டதாக எழுதிக் கொடுத்து, விண்ணப்பம் நிறைவேறாது என்று அதிகாரி ஒருவர் சான்றளித்தால் கோப்பு முடித்துவைக்கப்படும். முடித்துவைக்கப்பட்ட கோப்பின் இணைப்புகள் யாவும் முப்பது நாட்களுக்குள் விண்ணப்பதாரரிடம் ஒப்படைக்கப்படும்.

"யாவும்னு போட்டிருக்கு," என்றாள். "எங்க ஆஸ்பத்திரியிலயும் இதேதான். டிஸ்சார்ஜ் எழுதிட்டா எல்லாத்தையும் கையில கொடுத்து அனுப்பிடணும். நம்ம ஃபைல்ல ஏழாவது இணைப்பு என்னன்னு ஞாபகம் இருக்கா?"

போர்டுக்காரருக்குப் புரிந்தபோது முகம் வெளுத்துவிட்டது. "நம்பிக்கை இல்லைன்னு நான் எழுதறதா? என்னால முடியாது. ஃபைலையும் மூடிட்டு, குழந்தையையும் கொடுக்கலைன்னா என்ன பண்ணுவ? அப்புறம் ஜென்மத்துக்கும் இல்ல."

"தெரியும்."

"நாளைக்கு அவகிட்ட யாராவது, உங்கப்பன் உன்னை வேண்டாம்னு எழுதிக் கொடுத்தான்னு சொன்னா?"

"அவ வந்தப்புறம் சொல்லட்டும். வராத பொண்ணுகிட்ட யாரு என்ன சொல்ல முடியும்?" அவள் குரல் உடைந்தது. "அவளுக்கு அஞ்சு வயசாகப்போகுதுங்க. இனிமே அவளைத் துணியில சுத்த முடியாது. இந்நேரம் அவளுக்கு யாரோ தலை சீவி விடறாங்க. யாரோ பல்லு தேய்ச்சு விடறாங்க. அந்த யாரோ நானா இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

போர்டுக்காரர் அவள் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தார். நாலு வருஷமாக அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கை. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு கையும் காலி. பிறகு பேனாவை வாங்கி, 'நான் நம்பிக்கை இழந்துவிட்டேன்' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பலகைகளில் நேர்கோடு பிசகாமல் எழுதியவருக்கு அன்று தன் பெயரே கோணலாக வந்தது.

மறுநாள் நடந்ததை அலுவலக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கலாம். தாளைப் பார்த்ததும் இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இவ்விண்ணப்பம் நிறைவேறாது என்பதை நேரில் அறிந்தும் மனப்பூர்வமாக நம்பியும்... அடடா! இதைத்தானேய்யா நான் இத்தனை வருஷமா அறிஞ்சும் நம்பியும் இருக்கேன்! பேனா எங்கே?"

ஒரு கையெழுத்து போதும். ஆனால் சேதி பரவி, உண்மையான ஒரு தாளில் கையெழுத்துப் போடும் பாக்கியத்துக்காக எல்லா அறைகளிலிருந்தும் வந்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் பத்தொன்பது பேரும் போட்டார்கள். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து முடிக்கப்பட்ட முதல் கோப்பு என்று எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

எழுத்தர் இணைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஆறு வரை வந்தது. ஏழில் விரல் நின்றது.

"சார், குழந்தை ஒன்று... இது ஃபைல்ல இல்லையே."

"இணைப்பு காணோம்னா யாருய்யா பொறுப்பு?" என்றார் இயக்குநர்.

"ப-பட்டியல்ல கையெழுத்துப் போட்டவர் சார்."

"யாரு போட்டது?"

எழுத்தருக்கு வேர்த்துக் கொட்டியது. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களைக் கேட்ட கேள்வி இன்று அவர் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அவர் ஓடிப்போய்க் கடலுக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு ஒரே வரியில் அவசரச் செய்தி அனுப்பினார்: 'இணைப்பு எங்கே?' அங்கேயும் இருப்பவர்கள் அலுவலர்கள்தானே. கோரிக்கை, வேண்டுகோள், நினைவூட்டல் என்று நாலு வருஷமாகப் போன எந்தக் கடிதத்துக்கும் அசையாதவர்கள், இணைப்பு காணாமல் போனது என்றதும் நடுங்கிப்போனார்கள். இருபத்தாறாம் நாள் காப்பகத்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை வந்து இறங்கியது.

எழுத்தர் ரசீதை நீட்டினார். 'இணைப்பு எண் 7 நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.' நர்ஸம்மா பழக்கதோஷத்தில் முதலில் குழந்தையின் மணிக்கட்டில் இருந்த சீட்டைச் சரிபார்த்தாள். பிறகு அந்தச் சீட்டை வெட்டி எறிந்துவிட்டுக் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குழந்தை அழவில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டி, போர்டுக்காரரின் நீல விரலைத் தொட்டுப் பார்த்தது. அவர் பத்தொன்பது அதிகாரிகள் பார்க்க, வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதார்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம். ஆனால் போர்டுக்காரருக்கு வேலை இருந்தது. பழகிய மேசை, பழகிய முத்திரை. விட மனசு வரவில்லை. நர்ஸம்மாவுக்குக் காலை வேலை இருக்கும் நாட்களில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். குழந்தைக்கு இன்னும் ஒரு வார்த்தை தமிழ் வரவில்லை. நர்ஸம்மா தினமும் தன் நெஞ்சைத் தொட்டு, "அம்மா... சொல்லு, அம்மா," என்பாள். குழந்தை அவள் வாயைக் கூர்ந்து பார்க்கும், சிரிக்கும், அவ்வளவுதான். வரும்போது வரட்டும் என்று இருந்தாள்.

இதற்குள் விதி நாற்பத்தொன்று தாழ்வாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வாரம் போர்டுக்காரரின் நம்பிக்கைப் பிரிவின் முன்னால் நாற்பது ஜோடிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா வேலை முடிந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்தபோது மேசை முன்னால் லாரி டிரைவரும் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, எங்களுக்கு நம்பிக்கை சுத்தமா போயிடுச்சு. ஒரு சான்று போட்டுக் கொடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"எதுக்கா? கொடுத்தா குழந்தை வந்துடும்லண்ணே!"

போர்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். குழந்தை வரும் என்று நம்புகிறவர்களுக்கு விதி நாற்பத்தொன்று செல்லாது என்று அன்று காலை வந்திருந்த சுற்றறிக்கையை எடுத்து விரல் வைத்துக் காட்டினார். "பாத்தியா, வந்துடும்னு நம்பித்தானே கேக்கற? நம்பிக்கை உள்ளவங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு எப்படிச் சான்று கொடுக்கறது? அது பொய்யாயிடும்ல."

"அப்ப நீங்க மட்டும் எழுதிக் கொடுத்தீங்களே?"

"எங்க கேஸ் வேற தம்பி. நாங்க நிஜமாவே நம்பிக்கை இழந்திருந்தோம். பத்தொன்பது அதிகாரிங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஃபைல்ல இருக்கு, வேணும்னா பாரு."

நர்ஸம்மா கணவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற சாயலே அதில் இல்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

"அப்ப நாங்க என்னண்ணே பண்றது?" என்றாள் டிரைவரின் மனைவி. கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"கவலைப்படாதம்மா, வரும். நம்பிக்கை இருக்குன்னு எழுதித் தர்றேன். ஆறு மாசம் செல்லும். மூணு பிரதி போதும்."

அவர் கையெழுத்துப் போட்டுத் தாள்களை நகர்த்தினார். மடியில் இருந்த குழந்தை இரண்டு கையாலும் முத்திரையைத் தூக்கி, மையில் ஒற்றி, மூன்று தாளிலும் ஒழுங்காகக் குத்தியது. டிரைவர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விலகினார். குழந்தை தலையை நிமிர்த்தி வரிசையைப் பார்த்தது. பிறகு கணீரென்று, அட்சரம் பிசகாமல், தன் முதல் தமிழ் வார்த்தையைச் சொன்னது.

"அடுத்தவங்க!"

தாழ்வாரத்தில் எல்லாரும் எழுந்து ஆளுக்கு ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நர்ஸம்மாவும் சாப்பாட்டுக் கூடையோடு ஓரமாக ஒதுங்கி, வந்தவர்களுக்கு வழிவிட்டாள்.